எந்தப் பல்?

பல் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவளுக்கே பல் வலி வந்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ட்ரே அக்காவுக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். முதல் வாரம் அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டாம் வாரத்திலிருந்து சிரித்தால் கன்னம் இழுத்தது, அதனால் விட்டுவிட்டாள்.

நோயாளியின் தலைமாட்டில் டாக்டர் உட்காருவார். இவள் இடது பக்கம் கருவித் தட்டோடு நிற்பாள். அதனால் ட்ரே அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள். அந்த ஆஸ்பத்திரியை டாக்டர் திறந்த முதல் நாளிலேயே வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது டாக்டருக்கு முப்பத்து மூன்று வயது, இவளுக்கு இருபத்தைந்து. இரண்டு பெண்களுமாகத் தரையைத் துடைத்து, நாற்காலிக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, முதல் நோயாளிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்போது டாக்டர் கையை நீட்டினால் போதும், கேட்பதற்கு முன்பே சரியான கருவி உள்ளங்கையில் வந்து விழும்.

சொத்தை கண்ணுக்குத் தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாதபோதுதான் வேலை. வாய்க் கண்ணாடியின் காம்பால் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே போவார். "இதா? இதா?" என்று கேட்பார். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்கள் சொல்லும் பதிலை நம்பினால் பாதிப் பேருக்கு நல்ல பல் போயிருக்கும். பயந்தவர்கள் எல்லாவற்றுக்கும் "ஆ" என்பார்கள். ரோஷக்காரர்கள் எதற்கும் வாயைத் திறக்க மாட்டார்கள், ஏற்கெனவே திறந்திருந்தாலும். அதனால் டாக்டர் வாயைப் பார்ப்பார், ட்ரே அக்கா கண்ணைப் பார்ப்பாள். குற்றவாளிப் பல்லில் காம்பு பட்டதும் கண்ணோரத் தோல் ஒரு துளி சுருங்கும். சுருங்கியதும் டாக்டரின் முழங்கையை இவள் ஒரே ஒரு தடவை தொடுவாள். படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. பத்தொன்பது வருடத்தில் அந்தத் தொடுகை ஒரு தடவையும் தப்பியதில்லை, டாக்டரும் ஒரு தடவைகூட "நிச்சயமா?" என்று கேட்டதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு மேல் வரிசையில் இடது பக்கம் நான்காம் பல்லில் சொத்தை விழுந்தது. வலிகூட இல்லை. கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை மாலை கடைசி நோயாளி போனதும் அவளே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். சொத்தை ஆழமாகப் போயிருந்ததால் டாக்டர் வேர் வரைக்கும் சுத்தம் செய்து அடைத்தார். ரூட் கெனால் என்று எல்லோரும் பயப்படுவார்களே, அதேதான். ட்ரே அக்காவுக்கு அது முகம் கழுவுகிற மாதிரி. பாதியில் டாக்டர் கையை நீட்டியபோது படுத்த வாக்கிலேயே கருவியை எடுத்துக் கொடுத்தாள் என்று மறுநாள் பூரா பேசிச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தலை சீவும்போது ஒரு முடி கன்னத்தில் விழுந்தது. ஒரே ஒரு முடி. மூக்கின் ஓரத்திலிருந்து காது வரைக்கும் சூடான கம்பியை இழுத்தது மாதிரி இருந்தது. சீப்பை அப்படியே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடத்தில் குறைந்தது, ஆனால் போகவில்லை. உள்ளே எங்கோ ஒரு முனகல் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் புரியவில்லை. பல் வலி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆயிரக்கணக்கில் பார்த்தவள். பல் வலி என்றால் கடித்தால் வலிக்கும், சூடு பட்டால் வலிக்கும், ஐஸ் பட்டால் துள்ளும். இவள் கல்லைக் கடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தாலும் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டால் உயிர் போனது. தலையணை உறை உரசினால் போனது. தூங்கும்போது மட்டும் வலி எங்கே போகிறது என்று தெரியவில்லை, கண்ணைத் திறந்ததும் வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி உள்ளே வந்துவிடும். சில நாள் மத்தியானம் வரை வராது. போய்விட்டது என்று நினைத்து யாரிடமாவது சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் வந்து நிற்கும்.

"எந்தப் பல்லு?" என்றார் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எந்தக் கோளாறாக இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு வயர் இருக்கும் என்பது அவர் கொள்கை.

"நாலாவது."

"அதோட வேரையே சுத்தம் பண்ணியாச்சே. செத்த பல்லு எப்படி வலிக்கும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டத்தான்."

"நான் லிஃப்ட்டும்மா," என்றார் அவர், பாவமாக.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். படம் பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தம். "ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றார். ட்ரே அக்காவும் தலையாட்டினாள். இந்த வாக்கியத்தை டாக்டர் சொல்லாமல் விட்ட நாட்களில் இவளே நோயாளிகளுக்கு வாசல் வரை வந்து சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் இருபது நாளானது. டாக்டர் அடைப்பைப் பிரித்து வேரை மறுபடி சுத்தம் செய்தார். மறுபடி எக்ஸ்ரே, மறுபடி சுத்தம். வலி அசையவில்லை.

பிறகு ஒரு நாள், "தட்டிப் பாக்கலாம்" என்றார் டாக்டர். இவள் படுத்தாள். கண்ணைப் பார்க்க ஆள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை. காம்பு இரண்டாம் பல்லில் பட்டது, மூன்றாம் பல்லில் பட்டது, நான்காம் பல்லில் பட்டதும் இவள் கை தானாக எழுந்து டாக்டரின் முழங்கையை ஒரு தடவை தொட்டது. பழக்க தோஷம். டாக்டரும் பழக்க தோஷத்தில் "நிச்சயமா?" என்று கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் நான்காம் பல் எஃகுக் கிண்ணத்தில் கிடந்தது. முழுப் பல், உடையாத வேர், ஒரு குறையும் சொல்ல முடியாது.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் போனது, "ஸ" வரும் இடத்தில் காற்றும் போனது, வலி மட்டும் போகவில்லை. முதலில் இல்லாத பல் வலித்தது. நாக்கால் தொட்டால் அங்கே வெறும் ஈறுதான், ஆனால் வலி அந்தப் பள்ளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒரு வாரத்தில் அது ஐந்தாம் பல்லுக்கு நகர்ந்தது, அல்லது நகர்ந்தது மாதிரி இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேக்கரண்டிக் காம்பால் அவளே தட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமை ஐந்தாம் பல். செவ்வாய்க்கிழமை ஆறாம் பல். புதன்கிழமை எதுவும் இல்லை. அன்று முழுக்க, அந்த நான்காம் பல்லில் காம்பு பட்டபோது நிஜமாகவே வலித்ததா, இல்லை அதன் முறை வந்ததால் கை எழுந்ததா என்று யோசித்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. ஒருவேளை நாம்தான் நடிக்கிறோமோ என்றுகூட ஒரு தடவை நினைத்தாள். நினைத்ததும் பயந்துபோனாள்.

கணவர் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நரம்பு டாக்டர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். பஞ்சு நுனியை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்ததுமே இவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். தொட வேண்டாம், இதுவே போதும் என்று பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

"இது பல்லு இல்லம்மா. பல்லுக்குப் போற நரம்பு. சில பேருக்குப் பல் வைத்தியத்துக்கு அப்புறம் இப்படி வருது."

"யாருக்கு வரும்?"

"சொல்ல முடியாது."

"ஏன் வருது?"

"அதுவும் சரியாத் தெரியாது. இந்த மாத்திரையை ராத்திரி ஒண்ணு போடுங்க. மெதுவாத்தான் கேக்கும். இன்னொரு பல்லை மட்டும் எடுத்துடாதீங்க."

வீட்டுக்கு வந்து மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த மடித்த தாளைப் பிரித்துப் படித்தாள். முதல் வரியிலேயே மனச்சோர்வுக்கு என்று போட்டிருந்தது. பிரித்த தாளை அதே மடிப்பில் மடித்து, பெட்டியோடு அலமாரியின் அடித்தட்டில் துணிக்குக் கீழே தள்ளினாள்.

"போட்டுத்தான் பாரேன்," என்றார் கணவர்.

"எனக்கு மனசுல ஒண்ணுமில்ல. முகத்துல."

அவர் அலமாரிக் கதவைச் சாத்தினார். "நாங்க பாக்கற ஒரு பழைய பில்டிங்ல லிஃப்ட் அலாரம் தானா அடிக்கும். உள்ள யாரும் மாட்டியிருக்க மாட்டாங்க. பட்டனை மாத்தினோம், அடிச்சது. மணியையே மாத்தினோம், அப்பவும் அடிச்சது."

"அப்புறம்?"

"வயர்ல எங்கயோ."

"எங்க?"

"கண்டுபிடிக்கல. இன்னும் அடிக்குது. வாட்ச்மேன் பழகிட்டாரு."

"அப்ப நானும் பழகிக்கணும்?" என்று அவள் எழுந்துபோய்விட்டாள். ஆறுதல் சொல்ல வந்த மனிதர், தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வலி வந்து மூன்றாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. தனக்கு முதல் ஊசி போட்ட தேதி என்ன என்று பார்ப்பதற்காக நோயாளிகளின் அட்டைகள் இருக்கும் இரும்பு இழுப்பறையை இழுத்தாள். தன் அட்டையை எடுத்தாள். வலது மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்டுபிடித்தவளே அவள்தான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, தட்டினாலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் வலிக்கிறது என்று திரும்பத் திரும்ப வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய அட்டையில் ஒரு சின்னப் புள்ளி. இனிமையாகப் பேசு, கடைசி நேரம் கொடு, சீக்கிரம் அனுப்பு என்று அர்த்தம். கோளாறு வாயில் இல்லை, மனதில் என்று அர்த்தம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் "இன்னைக்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டுச் சிரிப்பது ஆஸ்பத்திரி வழக்கம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று சொல்வார்கள். ட்ரே அக்காவுக்கு அது இழுப்பறையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது தெரிந்தது. காது சூடாகிவிட்டது. கோபமா வெட்கமா என்று பிரிக்க முடியவில்லை.

இழுப்பறையில் இருந்த மற்ற புள்ளி அட்டைகளையும் எடுத்துப் பார்த்தாள். தன்னுடையதோடு சேர்த்துப் பதினேழு இருந்தது. அதில் ஒன்று தையல் டீச்சருடையது. பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறவர், நான்கு வருடத்துக்கு முன்னால் பதினோரு தடவை வந்தவர். "ஊசி குத்தற மாதிரி இல்லம்மா. குத்தின ஊசிய உள்ளேயே மறந்து வச்சுட்ட மாதிரி," என்று ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் கன்னத்தைத் தொடாமல் கையைக் கன்னத்துக்கு ஒரு விரல்கடை தள்ளியே வைத்திருந்தார். ட்ரே அக்கா அன்று சாப்பாட்டு நேரத்தில் அதே மாதிரி கையை வைத்து நடித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது அவளும் அப்படித்தான் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அட்டையில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"ட்ரே அக்காவா? உங்க குரல் மறக்குமா!" என்றார் டீச்சர். நான்கு வருடம் ஆகியும் ஒரு வருத்தமும் இல்லாத குரல்.

"டீச்சர், உங்க பல் வலி இப்ப எப்படி இருக்கு?"

"வேற ஒரு இடத்துக்குப் போனேம்மா. நாலு பல்லை எடுத்தாங்க."

"போயிடுச்சா?"

"முதல் பல்லை எடுத்ததும் போயிடுச்சு. பத்து நாள். அந்தப் பத்து நாள் எப்படி இருந்துச்சுன்னு சொல்லவே முடியாது, தெருவுல போற காத்தெல்லாம் முகத்துல வாங்கிக்கிட்டு நடந்தேன். அப்புறம் வந்துடுச்சு. அடுத்ததை எடுத்தா மறுபடி பத்து நாள் கிடைக்கும்னு நினைச்சேன். கிடைக்கல. இன்னும் ரெண்டு எடுத்தேன், கிடைக்கல." பிறகு, "ஏம்மா கேக்கறீங்க? புது மருந்து ஏதாவது வந்திருக்கா?" என்றார்.

ட்ரே அக்கா டீச்சரின் அட்டையைக் கவிழ்த்து வைத்தாள். "இல்ல டீச்சர். சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவா கேட்டீங்க? வலிக்குதான்னு சும்மா யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லம்மா," என்று சந்தோஷமாகச் சொன்னார் டீச்சர்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போன் செய்தாள். எதற்கு மன்னிப்பு என்று டீச்சருக்குச் சொல்ல வேண்டுமே, அதற்கு வாய் வரவில்லை. போனை வைத்த பிறகு நியாயமாக அவள் மனதில் நிற்க வேண்டியது நான்கு பல் போயும் வலி போகவில்லை என்பது. நின்றதோ பத்து நாள். பத்து முழு நாள், முகத்தில் காற்று. ஒரு பல்லுக்குப் பத்து நாள் கிடைக்கும் என்றால் அவள் அந்த நிமிடமே கொடுத்துவிடத் தயார். நரம்பு டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனால் அவருக்கே ஏன் என்று தெரியவில்லையே.

தன் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதை யாரு வச்சது?"

டாக்டர் புள்ளியைப் பார்த்தார். மழுப்பியிருக்கலாம், வரவேற்பறைப் பெண் தலையில் போட்டிருக்கலாம். "நான்தான்," என்றார்.

"எனக்கா டாக்டர்?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார், நோயாளி உட்காரும் நாற்காலியில். "நான் எதுவும் தப்பாப் பண்ணல. ஊசி போட்ட இடம், ஆழம், மருந்து எல்லாத்தையும் நூறு தடவை யோசிச்சுப் பாத்துட்டேன். எதுவும் தப்பில்ல. அப்ப உனக்கு ஏன் வலிக்கணும்? ஒண்ணு என் கை தப்பு, இல்ல உன் மனசு தப்பு. எனக்கு என் கை வேணும். அதனால அன்னைக்கு அந்தப் புள்ளிய வச்சேன்." சொல்லும்போது அவர் தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "வச்சதுலேர்ந்து உன் முகத்தைப் பாக்கவே முடியல."

ட்ரே அக்காவுக்கு அவர்மேல் கோபப்படத் தெரியவில்லை. இதே கணக்கைப் போட்டுத்தானே அவளும் பதினாறு பேருக்குப் புள்ளி வைத்தாள்.

"இப்ப என்னை நம்பறீங்களா?"

"நம்பறேன்."

"நம்பினா அஞ்சாவதை எடுங்க."

டாக்டர் நிமிர்ந்தார். எடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் புள்ளி வைத்த கை அது. மாட்டேன் என்று சொன்னால் நம்பவில்லை என்று ஆகிவிடும். கழற்றிய கையுறையைக் கூடையில் போட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழமை வா. யாரும் இருக்க மாட்டாங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் கொண்டுவந்து விட்டார். வேண்டாம் என்று வீட்டிலும் வழியிலும் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, இப்போது வெளி அறையில் பழைய பத்திரிகை ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ட்ரே அக்கா தட்டை அடுக்கினாள். வாய்க் கண்ணாடி, ஊசி, பஞ்சுருண்டைகள், ஈறை விலக்கும் கருவி, குறடு. தன் பல்லைப் பிடுங்கத் தானே தட்டு வைக்கிறவள் உலகத்தில் வேறு யாராவது இருப்பார்களா என்று நினைத்தாள். குறடு மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை நேராக்கிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

டாக்டர் முகமூடி போடவில்லை. "முதல்ல மரக்கற ஊசி போடறேன். அஞ்சாவது, ஆறாவது, அந்தக் கன்னம் எல்லாம் சுத்தமா மரத்துடணும். மரத்ததுக்கு அப்புறம் வலி போச்சுன்னா வலி அந்தப் பல்லுலதான் இருக்கு. அப்ப எடுக்கறேன், சத்தியமா எடுக்கறேன். போகலன்னா..."

"தெரியும் டாக்டர்." அவளுக்குத் தெரியாதா? இந்தச் சோதனையைப் பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். பல் மரத்த பிறகும் வலி இருந்தால் அந்தப் பல் நிரபராதி.

"கையை மடியில வச்சுக்கோ. என் முழங்கையத் தொடாத. உன் கண்ண நானே பாக்கறேன்."

ஊசி போனது. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். முதலில் உதடு தடித்தது, பிறகு மூக்கின் ஓரம், பிறகு கண்ணுக்குக் கீழே வரை மரத்துக்கொண்டு போனது. டாக்டர் காம்பால் ஐந்தாம் பல்லைத் தட்டினார். சத்தம் மட்டும் மண்டையில் கேட்டது. கூரான முனையால் ஈறைக் குத்தினார். ஒன்றும் இல்லை. இடது கன்னம் யாரோ இரவல் கொடுத்தது மாதிரி கிடந்தது.

அந்த மரப்புக்குப் பின்னால் வலி இருந்தது. பல்லும் இல்லை, ஈறும் இல்லை, தோலும் இல்லை, ஆனாலும் அது இருந்தது. கொஞ்சம்கூடக் குறையவில்லை.

"இப்ப?" என்றார் டாக்டர்.

போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நேராக அடுக்கிவைத்தவளே அவள்தான். அந்தப் பல்தான் என்று ஆகிவிடும், எடுத்துவிடுவார்கள், பத்து நாள் கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் வலிக்கு ஒரு இடம் இருந்தது என்றாவது ஆகும். டாக்டருக்கும் அதே ஆசைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. போய்விட்டது என்று சொல், ஏதாவது செய்ய விடு என்று அந்த முகம் கெஞ்சியது. ஆனால் டாக்டர் வாயைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் கண்ணோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் இமைக்காமல், பத்தொன்பது வருடம் இவள் அடுத்தவர்களைப் பார்த்தது மாதிரி. பொய் சொல்ல எவ்வளவோ முயன்றாள். நாக்கு எழவில்லை.

"இருக்கு," என்றாள். மரத்த உதட்டில் அது குழந்தை சொல்வது மாதிரி வந்தது.

"நல்லா யோசிச்சு சொல்லு. மரத்துடுச்சில்ல?"

"மரத்துடுச்சு. கன்னமே இல்ல."

"வலி?"

"அது இருக்கு டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். குறட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். ஐந்தாம் பல் பிழைத்துக்கொண்டது. அதில் ட்ரே அக்காவுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இதில்தான் வலி என்று சுட்டிக் காட்ட இனிமேல் அவளிடம் ஒரு பல் கிடையாது. நாளைக்கும் இது இருக்கும், நாளை மறுநாளும் இருக்கும்.

"அந்த ஆஸ்பத்திரி மாத்திரை எங்க?" என்றார் டாக்டர்.

"வீட்ல இருக்கு. ஒண்ணுகூடப் பிரிக்கல."

"ஏன்?"

"அது மனசுக்குன்னு போட்டிருக்கு. அதை முழுங்கினா எனக்கு நானே புள்ளி வச்சுக்கிட்ட மாதிரி."

"நரம்புக்கும் அதத்தான் கொடுப்பாங்க. அது எனக்கு முன்னாடியே தெரியும். உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"இன்னைக்கே போடறேன். போட்டா போயிடுமா?"

டாக்டர் வாயைத் திறந்தார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொல்ல வரும்போது அவர் தலை லேசாக ஒரு பக்கம் சாயும், அந்தச் சாய்வு ட்ரே அக்காவுக்கு மனப்பாடம். தலை சாய்ந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு, அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியல," என்றார். "நிஜமாவே எனக்குத் தெரியலம்மா."

அந்த அறையில் எத்தனையோ ஆயிரம் பேரிடம் டாக்டர் பேசிக் கேட்டிருக்கிறாள், இந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. வலி அப்படியேதான் இருந்தது. ஆனால் இவ்வளவு நாளும் அவள் மட்டும் திக்குத் தெரியாமல் நின்ற இடத்துக்கு இன்னொரு ஆள் வந்து நின்ற மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் ஒரு பஞ்சை எடுத்து அவள் இடது கன்னத்தை மெதுவாக, கண்ணிலிருந்து தாடை வரைக்கும் துடைத்தார். வைத்தியத்துக்காக இல்லாமல் அந்தக் கன்னத்தை ஒருவர் தொட்டது மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. ஊசியின் மரப்பு இன்னும் விடவில்லை, அதனால் தொட்டது அவளுக்குத் தெரியவே இல்லை.